ஒப்பரேஷனுக்குப் பிறகு பிள்ளை பிழைக்குமா?

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற அட்ரீனல் சுரப்பியில், அபூர்வமாகச் சின்னப் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வரும். மூணு வயசிலே முகப்பருவும் மறைவிடத்தில் முடியும் வந்து, குரலும் தடிச்சால், செய்வினை என்று கயிறு கட்டாமல் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கட்டியை எடுத்த பிறகு, "பிழைக்குமா டொக்டர்?" என்றுதானே நாம கேட்போம்? 254 பிள்ளைகளைப் பற்றி 2004இல் வெளியான சர்வதேசப் பதிவு இதற்கு வழி காட்டுகிறது. கட்டி உடையாமல் முழுசாக வந்ததா? 200 கிராமுக்குள்ளா, அதாவது சின்னத் தேயிலைப் பக்கெட் பாரமா? வேறு இடத்துக்குப் பரவவில்லையா? பிள்ளைக்கு நாலு வயசு ஆகவில்லையா? அப்படியென்றால் நம்பிக்கை அதிகம். பெரிய கட்டி என்றாலும் மருந்து இருக்கிறது.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னால், அன்றைய பேர் போனாலும் கிளினிக்கை விடாதீர்கள். நோய் திரும்புவதை அந்த ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் முதலில் காட்டும்.