வானமும் வட்டியும்



மட்டக்களப்பு வாவியின் மேலைக் கரை படுவான்கரை. கீழைக் கரை எழுவான்கரை. நெல்வயல் நிறைந்த படுவான்கரையின் உழவன் வேறு தொழில் நாடி வாவியைக் கடப்பதேன் என்பது குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீர் எட்டாத வட்டைகளில் ஆண்டுக்கு ஒரு போகமே உண்டு. வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் அறுப்பர். கோடையில் வாவியில் வலை வீசுவதும் செங்கல் அறுப்பதும் பழைய வழக்கமே. அதனைக் குறையென்று யானும் கூறேன்.

வேறொன்றே என் கவலை. விதைநெல்லுக்கும் உழவு கூலிக்கும் மனைவியின் நகை அடகுக்குப் போகின்றது. அறுவடையே அதனை மீட்கவேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வயல்கள் மூழ்கின. அடகுச் சீட்டு மூழ்கவில்லை. வயல் அழிந்த ஆண்டில் ஊருக்குள் கூலி வேலையும் அழிந்துபோகும். அறுக்கக் கதிரில்லாத இடத்தில் அறுப்பவனுக்கு என்ன வேலை? ஆகவே கொழும்புக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செல்லவேண்டும். அதற்கும் முதல் வேண்டுமே! அடகு வைக்க மேலும் ஒரு பவுன் உள்ளவரே கடல் கடப்பர். இல்லாதவருக்கு வாவிதான் கதி.

வானம் பொய்க்காமலும் இந்நிலை வரும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கியும், பசளை விலை ஏழை உழவனுக்கு எட்டவில்லை.

2011 வெள்ளத்தின்பின் ஒரு தாய், பத்தாம் வகுப்பிற் பயின்ற மகனை நிறுத்திக்கொள்ள வந்தார். “வெள்ளம் வடியட்டும் அம்மா, பார்ப்போம்” என்றேன். “வெள்ளம் வடியும் ஐயா, வட்டி வடியாதே” என்றார். விடை கூற இயலாது நின்றேன். பையன் மேசன் வேலைக்குக் கொழும்பு சென்றான்.

2014 இல் மண்முனைத்துறைப் பாலம் திறக்கப்பட்டது. முன்னர் ‘பாதை’ என்னும் மிதவைக்குக் காத்திருந்தவர்கள், விடியலிற் சைக்கிளிற் புறப்பட்டு எழுவான்கரையிற் கூலி செய்து, மாலையில் வரம்புக்குத் திரும்ப இயன்றது. சோறும் கறியும் கட்டிச் செல்லும் அவ்வரிசையை நாள்தோறும் காண்கின்றேன். அந்தப் பையனும் ஊர் திரும்பிவிட்டான். மழைக்காலத்தில் உழவு, மற்ற நாளில் சாந்துக் கரண்டி.

சென்ற ஆண்டு தன் மகளை முதலாம் வகுப்பிற் சேர்க்க வந்தான். தந்தையின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என வினவினேன். கையிற் காய்ந்திருந்த சீமெந்தைச் சற்று நேரம் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“வேளாண்மை என்றே எழுதுங்கள், ஐயா” என்றான்.