படிகமும் பாவும்

(நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மயிலும் மாங்காயும் நெய்து பழகியவர்கள் நாம். கல்லின் உள்ளமைப்பை நெய்தவர்களைப் பற்றி இன்று கூற விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் ஹெலன் மெகா என்னும் அம்மையார் எக்ஸ்-கதிரால் படிகங்களை ஆராய்ந்தவர். படிகத்தினுள் அணுக்கள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. துணியின் வேலைப்பாடும் அவ்வாறே அன்றோ? ஒரு பகுதியை வரைந்தால் போதும். எஞ்சியதைத் தறி திருப்பிப் போடும். இவ்வொற்றுமையைக் கண்டு, தம் படங்கள் துணிக்கு உதவும் என 1946இல் அவர் எடுத்துரைத்தார். 1951இல் நடந்த பிரிட்டன் விழாவுக்காக 28 உற்பத்தியாளர்கள் இன்சுலின், ஹீமோகுளோபின் முதலியவற்றின் படங்களைக் கொண்டு துணியும் சுவர்த்தாளும் பிறவும் செய்தனர்.

அவ்விழா உணவகத்தின் திரைச்சீலையை வடிவமைத்தவர் மரியான் ஸ்ட்ராப். அஃப்விலைட் என்னும் கனிமத்தின் அமைப்பை அவர் ஜக்கார்டில் நெய்வித்தார். இவ்வம்மையார் அதற்கு முன்னர், 1934 முதல் 1937 வரை, வேல்ஸ் நாட்டின் நலிந்த கம்பளிச் சிற்றாலைகளுக்குப் புது வடிவங்கள் வகுத்துக் கொடுத்தவர். நமக்கு இதுவே பெரிது.

நமது சங்கக் கிடங்கில் சேலைகள் தேங்கியிருப்பதை மறைப்பானேன்? குறை நூலில் இல்லை. பத்தாண்டுகளாக அதே கரை, அதே புட்டா.

உயர்நிலைப் பள்ளியில் நுண்ணோக்கி உண்டு. வெங்காயத்தின் மெல்லிய தோலை அதில் வைத்தால் செங்கல் வரிசை போன்ற அறைகள் தெரியும். காண்பவை யாவும் துணிக்கு ஏற்றவையல்ல. அதனைத் தேர வேண்டியது நெசவாளர் கண்ணே. தலைமையாசிரியர் இசைந்துள்ளார். வரும் சனிக்கிழமை மூவர் கட்டத்தாளும் பென்சிலும் கொண்டு வருக. முதல் மாதிரிக்கான நூலைச் சங்கமே ஏற்குமாறு தலைவரை வேண்டியுள்ளோம்.