மியாங்டாங் பேராலயம்

தென் கொரியத் தலைநகர் சியோலின் கடைவீதிகளுக்கு நடுவே, ஒரு மேட்டின் மீது செங்கல்லால் எழுந்து நிற்கிறது மியாங்டாங் பேராலயம். கொரியாவின் முதல் கத்தோலிக்கர்கள் 1784-இல் கூடி வழிபட்ட வீடு இப்பகுதியில்தான் இருந்தது. வீட்டுக்காரரான கிம் பியோம்-ஊ அதற்காகவே கைதாகித் தொலைவூருக்கு நாடுகடத்தப்பட்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் கடும் அடக்குமுறை. 1886-இல் பிரான்சுடன் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகே ஆலயம் கட்ட வழி பிறந்தது. பிரெஞ்சு குரு யூஜின் கோஸ்ட் வடிவமைத்த கட்டடம் 1892-இல் தொடங்கப்பட்டு, 1898 மே 29 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

கட்டடக் கலையைவிட, மக்கள் போராட்டத்தாலேயே இவ்வாலயம் பெயர் பெற்றது எனலாம். 1987 ஜூனில், ராணுவப் பின்னணி கொண்ட ஆட்சிக்கு எதிராகப் போராடிய மாணவர்கள் இங்கே தஞ்சம் புகுந்தனர். வெளியே காவல்துறை முற்றுகை. மாணவர்களைப் பிடிப்பதென்றால் முதலில் தம்மைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று கர்தினால் கிம் சூ-ஹ்வான் மறுத்து நின்றார். அருகிலிருந்த பள்ளி மாணவியர் தங்கள் மதிய உணவை உள்ளே அனுப்பினார்கள். காவல்துறை நுழையவில்லை. அம்மாத இறுதியில் அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு அரசு இணங்கியது. 2009-இல் கர்தினால் மறைந்தபோது, மதபேதமின்றி லட்சக்கணக்கானோர் இங்கே வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர்.