அங்கன்வாடியில் நாங்கள் கற்ற பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இசையும் நடனமும் பட்டிமன்றமும் காண வந்திருக்கும் உங்கள் முன்னே, உடற்குறையுடனும் வளர்ச்சிக் குறையுடனும் வாழும் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றியும், அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய அங்கன்வாடிப் பணியாளர்களைப் பயிற்றுவது பற்றியும் பேச வந்திருக்கிறோம். "அங்கன்வாடிக்கும் நமக்கும் என்ன தொடர்பு? நம் பிள்ளைகள் அங்கே போவதில்லையே!" என்று சிலர் எண்ணக்கூடும். ஓராண்டுக்கு முன்பு வரை நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறிய கதையை முதலில் சொல்லி விடுகிறோம். குடும்பத்தாரின் இசைவு பெற்றே சொல்கிறோம்.

நம் காலனியில் ஓர் ஆண் குழந்தை. இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. தாய் கவலையுற்றாள். நாம் என்ன சொன்னோம்? "வீட்டில் தமிழ், கீழே விளையாடுமிடத்தில் இந்தி, தொலைக்காட்சியில் ஆங்கிலம்; குழந்தை குழம்பிப் போயிருக்கிறான், வேறொன்றுமில்லை" என்றோம். "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று ஊரிலிருந்து பாட்டியார் தொலைபேசியில் தேற்றினார். மருத்துவர் ஒருவரும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் பொறுத்தோம்.

அவ்வீட்டில் வேலை செய்யும் பெண், ஒரு நாள் அக்குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு, தன் மகளை அழைத்து வருவதற்காகக் காலனிச் சுவருக்கு அப்பாலுள்ள அங்கன்வாடிக்குச் சென்றாள். அங்கிருந்த பணியாளர் குழந்தைகளின் முதுகுப் பக்கம் நின்று கரண்டியால் ஒரு தட்டைத் தட்டினார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பினர். நம் குழந்தை மட்டும் திரும்பவில்லை. இடம் மாறி நின்று மீண்டும் தட்டினார். அப்போதும் திரும்பவில்லை. "உன் எஜமானியம்மாவிடம் சொல், இவன் காதைப் பார்க்க வேண்டும்" என்று அவர் சொல்லி அனுப்பிய சொல், நம் படித்த வீட்டில் முதலில் கோபத்தையே உண்டாக்கிற்று. ஒரு மாதம் கழித்தே கேட்புச் சோதனை நடந்தது. இரு காதுகளிலும் கடுமையான குறை!

இன்று அவன் காதில் கருவி இருக்கிறது. பேச்சுப் பயிற்சி நடக்கிறது. ஆயினும் சொற்கள் வேரூன்ற வேண்டிய பருவத்தில் ஓராண்டுக்கு மேல் வீணாயிற்று. அவ்வாண்டை அக்குழந்தையிடமிருந்து பறித்தது எங்கள் ஆறுதல் மொழிதான். இதைச் சொல்ல எங்களுக்கு நா கூசுகிறது; எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம்மிடையே இத்தவறான எண்ணம் ஆழமாக வேரோடியிருப்பதால் சற்று விளக்குகிறோம். இரு மொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறையை உண்டாக்குவதில்லை. அத்தகைய குழந்தை சில சொற்களைத் தமிழிலும் சிலவற்றை இந்தியிலும் சொல்லக்கூடும். ஆனால் முதற்சொற்கள் ஏனைய குழந்தைகளுக்கு வரும் வயதிலேயே அதற்கும் வரும். இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தையைச் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஓசை கேட்டுத் திரும்பாத குழந்தையை எந்த வயதிலாயினும் உடனே அழைத்துச் செல்ல வேண்டும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை!

நாங்கள் வெட்கத்தோடு அப்பணியாளரைத் தேடிச் சென்றோம். "தங்களுக்கு இது எவ்வாறு தெரிந்தது?" என்று கேட்டோம். "பயிற்சியில் சொன்னார்கள், தீதீ" என்றார், மிக எளிதாக.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 இடங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறக்குறைய 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எனப் பல பணிகள் அவற்றுக்கு உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்றே மத்திய அரசு ஒரு நெறிமுறையை 2023-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் இதே தலைநகரில் வெளியிட்டது. திட்டம் தொடங்கி 48 ஆண்டுகள் கழித்து! தாமதந்தான், எனினும் வரவேற்கிறோம். குறையின் அறிகுறிகளை முன்னதாகக் கண்டறிதல், குழந்தையை ஏனைய பிள்ளைகளோடு சேர்த்துக் குடும்பத்திற்கு வலிமை தருதல், ஆஷா பணியாளர், செவிலியர், நடமாடும் மருத்துவக் குழு ஆகியோர் வழியே உரிய சிகிச்சைக்கு அனுப்புதல் என்பனவே அந்நெறிமுறையின் மூன்று படிகள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அம்மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும்.

நெறிமுறை தாளில் நன்றாகவே இருக்கிறது. அதனைக் கையில் ஏந்த வேண்டியவர் யார்? எடை பார்ப்பவரும், உணவு வழங்குபவரும், பதிவேடு எழுதுபவரும், கைப்பேசியில் கணக்கு ஏற்றுபவரும் ஆகிய அதே ஒரு பெண்மணி. அவர் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம். மத்திய அரசு அதனை 2018-இல் மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தியது. அதற்கு மேல் மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. இவ்வளவு சுமை தாங்குபவரிடம், "நீங்கள் இதையும் செய்ய வேண்டும்" என்று சொல்ல நமக்கு உரிமையுண்டா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. அவருக்குத் துணையாக நாமும் நிற்பதானால் சொல்லலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும், செவிலியர் ஒருவரும், இயன்முறை மருத்துவம் பயின்ற இளம்பெண் ஒருவரும் உள்ளனர். மேற்பார்வையாளரின் இசைவு பெற்று, அண்டையிலுள்ள அங்கன்வாடிப் பணியாளர்களை மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அழைத்தோம். முதற்கூட்டம் முழுத் தோல்வி. படங்களை மாட்டி, எங்கள் இந்தியில் இரண்டு மணி நேரம் சொற்பொழிவாற்றினோம். வந்தவர்கள் மரியாதையாகக் குறிப்பெடுத்து, தேநீர் அருந்திச் சென்றனர். அடுத்த மாதம் கேட்டபோது, எவரும் ஒரு குழந்தையையும் அவ்வாறு பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் மாதம் படங்களை மூட்டை கட்டினோம். மூளை முடக்குவாதமுள்ள ஒரு குழந்தையை அதன் தாயோடு அழைத்து, பாயில் எல்லோரும் சுற்றி அமர்ந்தோம். கால்கள் கத்தரிபோல் ஒன்றன்மேலொன்று பின்னிக்கொள்ளும் குழந்தை அது. எப்போதும் தொட்டிலில் மல்லாந்தே கிடந்தது. கால்களை விரித்து இடுப்பில் அமர்த்தித் தூக்குமாறு இயன்முறைப் பெண் சொன்னாள். அவ்வாறு தூக்கினால் விறைத்த கால்கள் விலகி நிற்கும், தலையும் நிமிரும். நம் பாட்டிமார் எல்லோரும் பிள்ளை தூக்கிய முறையல்லவா அது! பின்பு உணவு. மல்லாந்த குழந்தையின் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக் குழலில் இறங்கக்கூடும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை சற்றே முன்னே சாய, சிறு சிறு வாயாக ஊட்ட வேண்டும். ஒவ்வொரு பணியாளரும் தம் கையாலேயே ஊட்டிப் பார்த்தார். அத்தாய் அழுதுவிட்டாள். குழந்தை இருமாமல் உண்டு அவள் பார்த்தது அன்றுதானாம்.

அதன்பின் பயிற்சி முழுவதும் பாயிலேயே நடந்தது. நான்கு மாதத்தில் தலை நிற்கிறதா, ஒன்பது மாதத்தில் தானாக உட்காருகிறதா, ஒன்றரை வயதில் நடக்கிறதா என்று ஒவ்வொன்றும் கண்முன் ஒரு குழந்தையை வைத்தே கற்கப்பட்டது. உட்புறம் வளைந்த பாதத்துடன் பிறந்த மூன்று வாரக் குழந்தையை ஒரு பணியாளர் தாமே கண்டுபிடித்து எங்களை அழைத்தார். பாதத்தைப் படிப்படியாகத் திருப்பி வாரந்தோறும் மாவுக்கட்டுப் போடும் சிகிச்சைக்கு அவ்வயது மிக உகந்தது. நாங்கள் வழிகாட்டியாகச் சென்றது போய், அவர் பின்னே நாங்கள் ஓடியது அன்று.

இம்முறை எங்கள் கண்டுபிடிப்பன்று. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், முதுகெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம், அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்றிக் குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. பயிற்சி பெற்ற வல்லுநர்கள் அவர்களுக்குப் பின்னின்று வழிகாட்டுகின்றனர். கோடை விடுமுறையில் குற்றாலம் செல்லும் அன்பர்கள் ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாம்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கண்டறிவது பாதி வேலைதான். மாவட்ட மையத்திற்குக் குழந்தையைத் தூக்கிச் சென்றால் தாய்க்கு அன்றைய கூலி போகும். ஒரு முறையோடு வேலையும் முடிவதில்லை. அனுப்பிய குழந்தைகளில் சிலர் இரண்டாம் முறை போகவேயில்லை. அங்கேதான் நம் காலனிக்கு வேலை இருக்கிறது. துணைக்கு ஒருவர், ஏறிச் செல்ல ஒரு வண்டி, வரிசையில் நின்று விண்ணப்பம் எழுத ஒரு கை.

அடுத்த பயிற்சி வரும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. தடித்த பாய்கள் நான்கு வேண்டும். தடித்த அட்டைப் பெட்டிகளை எறியாமல் வைத்திருங்கள். அவற்றை ஒட்டியே, உட்கார முடியாத குழந்தைகளுக்கு மூலை நாற்காலி செய்யக் கற்றிருக்கிறோம். தச்சு வேலை தெரிந்த அன்பர் ஒருவரும் வேண்டும். விழாவுக்கு அழைத்து வராமல் வீட்டிலேயே விட்டு வந்த குழந்தை எவருக்கேனும் இருந்தால், எங்களிடம் தனியே சொல்லுங்கள், வீட்டிற்கே வருகிறோம். கரண்டியும் தட்டும் எங்கள் பையில் எப்போதும் உண்டு.