பெண்ணுடலும் சந்தையும்: 1996 பெங்களூரு எழுப்பிய கேள்வி

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1996 நவம்பர் 23 அன்று இந்நகரின் சின்னசாமி மைதானத்தில் உலக அழகிப் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. 88 நாடுகளைச் சேர்ந்த பெண்கள் மேடையேறினர். கிரேக்க நாட்டின் ஐரீன் ஸ்கிலிவா முடிசூட்டப்பட்டார். போட்டியை நடத்தியது நடிகர் அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம். ஜே.எச். பட்டேல் தலைமையிலான ஜனதா தள அரசு ஆயிரக்கணக்கான போலீசாரைக் காவலுக்கு நிறுத்தியது. அம்மாதத்திலேயே மதுரையில் ஓர் இளைஞர் இப்போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து உயிரிழந்தார்.

1966இல் ரீத்தா ஃபாரியா உலக அழகியானார். அதன்பின் 28 ஆண்டுகள் அப்பட்டம் இந்தியாவின் பக்கமே திரும்பவில்லை. 1991இல் தாராளமயம் வந்தது; 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி; 1997, 1999, 2000 ஆண்டுகளிலும் உலக அழகிப் பட்டம் இந்தியாவுக்கே கிடைத்தது. இந்தியப் பெண்கள் திடீரென அழகாகிவிட்டார்களா என்ன? அழகு சாதனப் பொருட்களுக்குப் பெரியதொரு சந்தை திறந்துவிடப்பட்டிருந்தது. அச்சந்தைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

மைதானத்தின் வாயிலில் எதிர்ப்பாளர்கள் இரு வகையினராக நின்றனர். பெண்ணைக் காட்சிப் பொருளாகவும் விற்பனைச் சரக்காகவும் ஆக்குவதை இடதுசாரி மாதர் அமைப்புகளும் பெண்ணியக் குழுக்களும் எதிர்த்தன. பாரதப் பண்பாட்டுக்கு இழுக்கு நேர்ந்துவிட்டது என்று பா.ஜ.க.வும் சங் பரிவார அமைப்புகளும் கொதித்தன. அதே ஆண்டு ஜனவரியில் பிரிகேட் சாலையில் இருந்த கே.எஃப்.சி. கடையைத் தாக்கிய நஞ்சுண்டசாமியின் விவசாயிகள் சங்கமும் களத்தில் இருந்தது. பத்திரிகைகள் இவ்வனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘பழமைவாதிகளின் எதிர்ப்பு’ என்று பெயர் சூட்டின.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்குச் சான்றை வழங்கியவர்கள் போட்டியின் அமைப்பாளர்களே. எதிர்ப்பு வலுத்ததும் நீச்சலுடைச் சுற்றை மட்டும் பிரித்தெடுத்து இந்தியப் பெருங்கடலின் சேஷெல்ஸ் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். பண்பாட்டுக் காவலர்களின் புகாருக்கு ஒரு விமானப் பயணம் விடையாயிற்று. மாதர் அமைப்புகளின் புகாருக்கு அப்படியொரு விடை கிடையாது. சேஷெல்ஸில் நின்றாலும் சின்னசாமி மைதானத்தில் நின்றாலும், நீச்சலுடை அணிந்தாலும் பட்டுப்புடவை உடுத்தாலும், அளவெடுத்து மதிப்பெண் இட்டு விளம்பரதாரருக்குக் கைமாற்றும் முறை மாறாமலே இருந்தது.

பாலியல் பண்டமாக்கல் என்ற கருத்தை இங்கிருந்து அணுகுவது பயன்தரும். அமெரிக்கத் தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 1995இல் எழுதிய கட்டுரையில் இதன் ஏழு கூறுகளைப் பிரித்துக் காட்டினார். மனிதரைக் கருவியாகப் பயன்படுத்துவது, அவரது சுயநிர்ணயத்தை மறுப்பது, அவருடைய உணர்வுகளைக் கணக்கில் கொள்ளாதிருப்பது, அவரை உடைமையாகக் கருதுவது ஆகியவை அவற்றுள் சில. ஆடையின் அளவு அப்பட்டியலில் இல்லை. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம் என்ற பார்வையும் அவர் சுட்டும் கூறுகளில் ஒன்று. மார்க்சைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சந்தையில் பண்டங்கள் தம் தனித்தன்மையை இழந்து விலையால் மட்டுமே ஒப்பிடப்படுவதை ‘மூலதனம்’ முதல் அத்தியாயத்திலேயே விளக்கிவிடுகிறது.

இந்நகரின் ஆயத்த ஆடை ஆலைகளிலும் இதைக் காணலாம். ஒரு பெண் எழுந்துபோனால் அதே இயந்திரத்தில் இன்னொரு பெண் அமர்த்தப்படுகிறார்; மேற்பார்வையாளருக்குத் தேவை அவரது கைகளும் மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கும். 2016 ஏப்ரலில், வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் ஆணையை எதிர்த்து, இத்தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் ஓசூர் சாலையை நிறைத்தனர். பெரும்பாலோர் பெண்கள். இரண்டே நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதுவரை இந்நகரின் ஊடகங்களுக்கு அவர்கள் கண்ணில் பட்டதேயில்லை. விளம்பரப் பலகையில் ஆடை அணிந்து நிற்கும் பெண்ணைத் தெரியும். அதைத் தைத்தவரைத் தெரியாது.

பண்பாட்டின் பெயரால் பேசியவர்கள் பின்னாளில் எங்கே போய் நின்றார்கள் என்பதையும் கர்நாடகம் பார்த்தது. 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் ஒரு மதுவிடுதிக்குள் புகுந்த ஸ்ரீராம் சேனையினர் அங்கிருந்த பெண்களை அடித்து விரட்டினர். இந்நோய் சங் பரிவாரத்துக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டின் கடைசி இரவில் எம்.ஜி. சாலையிலும் பிரிகேட் சாலையிலும் கூட்டத்தில் பெண்கள் சீண்டப்பட்டபோது, அன்றைய காங்கிரஸ் உள்துறை அமைச்சர் இளைஞர்களின் மேற்கத்திய மனப்பாங்கையும் உடையையும் பற்றியே பேசினார். சந்தை பெண்ணைக் காட்சிக்கு வைக்கிறது. பண்பாட்டுக் காவல் அவளைப் பூட்டி வைக்கிறது. அவளைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் எழுவதில்லை.

ஆகவே ‘கலாச்சாரச் சீரழிவு’ என்ற சொல்லை இடதுசாரி மேடைகள் தயக்கமின்றிக் கையாண்டதைத் திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது. ஏகாதிபத்தியப் பண்பாட்டை எதிர்க்கும் நோக்கில் அது சொல்லப்பட்டது உண்மை. ஆனால் கேட்டவர் காதில் அது சங் பரிவாரத்தின் முழக்கமாகவே ஒலித்தது. திரைப்பட ஆபாசத்துக்கு எதிரான சுவரொட்டி எழுதும் தோழர் ‘குடும்பப் பெண்களின் மானம்’ என்று தொடங்கும்போது, எதிரியின் மையைத் தொட்டே எழுதுகிறார்.

சட்டமும் இதே குழப்பத்தில்தான் இருக்கிறது. பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களை இழிவுபடுத்தும் சித்தரிப்பையும் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கும் சித்தரிப்பையும் ஒரே வரையறைக்குள் அடைக்கிறது. முதலாவது பெண்ணின் கண்ணியம் பற்றியது. இரண்டாவதன் அளவுகோல் எவர் கையில் இருக்கிறதோ அவருக்கு ஏற்ப வளையும். தானே விரும்பி எழுதும், நடிக்கும், பாடும் பெண்ணின் மீதே அது பாயக்கூடும். இச்சட்டத்தை இணையம் வரை விரிவாக்க 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. அடுத்த திருத்தம் எப்போது வந்தாலும், பொது ஒழுக்கம் பற்றிய அச்சொற்களை நீக்கவும் பெண்ணை இழிவுபடுத்துவது பற்றிய பகுதியைத் தெளிவாக்கவும் மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வற்புறுத்தலாம். அக்கோரிக்கையின் வாசகத்தை ஆடை ஆலைப் பெண் தொழிலாளர்களின் கூட்டங்களிலிருந்தே எழுதத் தொடங்கலாம். மேலாளரின் பார்வையையும் தீண்டலையும் பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறைய உண்டு.