நிழலின் நிறம்



சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலம். சாமை அறுவடை முடிந்திருந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், களத்தருகே நின்ற தாள்போரை வரைந்து கொணர்ந்தான். போருக்கு மஞ்சள் தீட்டியிருந்தான், நன்று. நிழலுக்கோ நீலம் தீட்டியிருந்தான்.

“நிழல் கறுப்பல்லவா? நீலம் எங்கிருந்தடா வந்தது?” என்றேன்.

“அப்படித்தானுங்க சார் இருந்துச்சு” என்றான்.

சிவப்பு மையால் கோடிட்டுத் தாளைத் திருப்பித் தந்தேன். பயிற்சி பெற்ற ஆசிரியனல்லவா நான்!

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு நூலகத்தில் கிளாடு மோனே என்னும் பிரெஞ்சு ஓவியரின் படங்களைக் கண்டேன். 1874ஆம் ஆண்டு பாரிசில் கூடிக் கண்காட்சி நடத்தி, ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று ஏளனப் பெயர் பெற்ற குழுவினருள் அவர் ஒருவர். 1890, 1891ஆம் ஆண்டுகளில், ஷிவெர்னி என்ற ஊரில் தம் வீட்டருகே நின்ற கதிர்ப்போர்களையே அவர் ஏறத்தாழ 25 முறை தீட்டினார். வெயில் மாறினால் ஒரு திரையை அகற்றி வேறொன்றை எடுப்பார். பொருள் ஒன்றே, ஆயினும் காலைப் படத்தில் அமைதி, அந்திப் படத்தில் தணல், பனிக்காலப் படத்தில் ஒரு தனிமை. போருக்கு ஏது துயரமும் மகிழ்வும்? ஒளியே அவற்றைக் கொணர்ந்து சேர்க்கிறது.

பனித்தரையில் விழுந்த நிழலைப் பார்த்தேன். நீலம்! என் கை நடுங்கிற்று.

காரணம் எளிது. நிழலில் கதிரவனின் நேரொளி படுவதில்லை. நீல வானத்தின் ஒளி படுகிறது. அன்றியும், மஞ்சளொளியை அடுத்து நிற்கும் நிழல் நம் கண்ணுக்கு மேலும் நீலமாகத் தோன்றும். அண்டை நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதைச் செவ்ரேல் என்னும் வேதியியலறிஞர் 1839இலேயே நூலாக எழுதினார். சவ்வாதின் தொலைமுகடுகள் மரம் செறிந்திருந்தும் நீலமாய்த் தெரிவது, இடையிலுள்ள காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதால். ‘மலை பச்சை’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவனும் நானே.

ஓய்வு பெற்றபின் அந்த மாணவரைச் சந்தையில் கண்டேன். செய்தியைச் சொன்னேன். அவர் சிரித்தார், அந்தப் படம் அவர் நினைவில் இல்லை. அதன்பின் வரைந்ததுண்டா என்றேன். இல்லை என்றார்.

நாளை மாலை ஐந்து மணிக்கு, வானம் தெளிவாயிருந்தால், வெள்ளைத் தாளொன்றை வெயிலில் விரித்து, அதன்மேல் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். நிழலில் எந்த நிறம் தெரிகிறதோ அதையே தீட்டுங்கள். ஆசிரியர் கோடிட்டால், என்னிடம் அனுப்பி வையுங்கள்.