இருதயத் தளர்ச்சி

அக்கராயன் குளக்கட்டில் மாலை வேளையில் நடந்துவரும் ஒரு கமக்காரரை மனக்கண்முன் நிறுத்துங்கள். சென்ற காலபோகத்தில் நெல்மூட்டையைத் தோளில் சுமந்தவர், இன்று வெறுங்கையோடு வருகையிலும் இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். இரவில் ஒரு தலையணை போதாமல் மூன்றை அடுக்கிக்கொள்கிறார். நள்ளிரவில் திணறி எழுந்து முற்றத்தில் வந்து அமர்கிறார். வீட்டார் தொய்வு என்கின்றனர். வயது போய்விட்டது என்கிறார் அவர். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவதை எவரும் பார்க்கவில்லை.

இதுவே இருதயத் தளர்ச்சியாக இருக்கக்கூடும். இருதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்த அதனால் இயலவில்லை என்பதே. குளத்து நீரில் பயிர் செய்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது. வாய்க்காலில் நீர் ஓடாவிடின் கீழ்வயல் காயும். மேலே நீர் தேங்கும். இருதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் சுவாசப்பையிலும், வலப்பக்கம் தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும் நீர் தேங்குகிறது. சிறுநீரகமோ, தனக்கு வரும் இரத்தம் குறைந்தது கண்டு, உடலில் நீர் வற்றிவிட்டதெனப் பிழையாக எண்ணி, உப்பையும் நீரையும் மேலும் சேமிக்கிறது. காக்க முனைந்தே கெடுக்கிறது!

கவனியாது விட்ட இரத்த அழுத்தம், மாரடைப்பில் இறந்த இருதயத் தசை, நீரிழிவு, மிதமிஞ்சிய மது ஆகியன இதன் காரணங்களுட் சில. சிறுபிராயத்தில் தொண்டை நோவையடுத்து வரும் வாதக்காய்ச்சல் இருதய வால்வுகளைப் பழுதாக்குவதும் உண்டு.

வைத்தியர் கழுத்து நரம்பின் புடைப்பைப் பார்ப்பார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பார், ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரே படமும் எடுப்பிப்பார். ஐயத்தைத் தீர்ப்பது பெரும்பாலும் எக்கோ என்னும் ஒலியலைச் சோதனை. 1953இல் சுவீடனில் தோன்றிய முறை அது, வலியில்லாதது. அதற்காகக் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகச் சொன்னால், ஒருநாட் கூலி போகிறதே என்று தயங்கலாகாது.

மருந்தில்தான் பலர் இடறுகின்றனர். சிறுநீரைப் பெருக்கும் குளிசை சில நாளில் வீக்கத்தை வடித்துவிடும். சுகமாயிற்று என்று எல்லா மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஆயுளை நீட்டுபவை, உடனே பயன் தெரியாத ஏனைய குளிசைகளே. 1987இல் வெளியான ஆய்வொன்றில், சுவீடன், நோர்வே, பின்லாந்து நாடுகளில் நோய் முற்றிய 253 பேரிடம் எனலாப்பிரில் என்ற மருந்தைச் சோதித்தனர். ஆறு மாதத்தில், அதனைப் பெறாதோரில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். பெற்றோரில் 26 பேர். அதன்பின் வேறு நல்ல மருந்துகளும் வந்துள்ளன.

கருவாடும் ஊறுகாயும் இந்நோயாளிக்கு ஆகா. மூட்டு நோவுக்கென்று கடையில் தாமே வாங்கி விழுங்கும் குளிசைகள் பலவும் உடலில் நீரைத் தேக்குவன; வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், நாள்தோறும் நிறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது சதையன்று, நீர். கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல், அந்தக் கொப்பியோடு அன்றே அக்கராயன் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.